கிணற்றடியும் ஒரு விஞ்ஞானகூடமே

(பாடசாலை விஞ்ஞான விழாவொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆறாந் தரம் முதல் பதினோராந் தரம் வரையுள்ள ஆறு ஆண்டுகளில் நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தை எவ்வாறு கற்கின்றார்கள் என்பதுபற்றியே இன்று பேச விழைகின்றேன்.

சாதாரண தரம்வரை விஞ்ஞானம் எல்லோர்க்கும் கட்டாய பாடம். அதற்கப்பால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குச் செல்வோர் சிலரே. அப்பிரிவையுடைய 1ஏபி பாடசாலைகள் இந்நாட்டு அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேயாம். எனவே, நம்மவருட் பெரும்பாலோர் வாழ்நாளிற் பெறும் விஞ்ஞானக் கல்வி முழுவதும் இந்த ஆறு ஆண்டுகளுள் அடங்கிவிடுகின்றது. வெங்காயம் நடப்போகும் மகனும், குழந்தைக்குப் பால்மா கரைக்கப்போகும் மகளும் பெறுவது இதுதான்.

ஆயினும் நாம் விஞ்ஞானம் என்றவுடன் மருத்துவ பீடத்தையும் பொறியியற் பீடத்தையுமே நினைக்கின்றோம். 1970களில் தரப்படுத்தலால் நம் மாணவர் இழந்த இடங்களை நாம் மறந்துவிடவில்லை; மறக்கவும் இயலாது. ஆனால், பல்கலைக்கழகத்து வாயிலிலே நின்று கணக்குப் பார்க்கும் நாம், ஏழாந் தரத்து வகுப்பறையில் நிகழும் இழப்பைக் காணத் தவறலாமா? சோதனைக்குழாயைக் கையால் தொடாமலே அதன் படத்தை வரைந்து புள்ளி பெறும் பிள்ளைகள் எத்தனை பேர்! பரீட்சை தாளோடு முடிகின்றது. ஆகவே படிப்பும் தாளோடு முடிகின்றது.

நமக்கு இத்துறையில் மரபில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் தமிழ் நூல்களாக வெளிவந்தன. அவரிடம் பயின்றோர் ஏட்டை மட்டும் படித்தவரல்லர். நோயாளியின் அருகில் நின்று கையாற் பழகியவர். தாய்மொழியும் செய்முறையும் சேர்ந்தே அக்கல்வியை ஆக்கின.

ஆய்வுகூடம் இல்லையே, என் செய்வோம் என்று கேட்பீர்கள். வலிகாமத்துக் கிணற்றடிக்கு வாருங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரிற் கரைத்துத் தெளியவிட்டு, அத்தெளிவிற் பப்பாசி இலைக்காம்புக் குழலால் ஒரு பிள்ளை ஊதட்டும், உறிஞ்சலாகாது. நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கல்சியம் காபனேற்று ஆயிற்று. நமது நிலத்தடிச் சுண்ணக்கல்லும் அதுவே. மேலும் ஊதினால் வெண்மை கரைந்து மீண்டும் தெளியும். மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்துப் பாதாளக் குகைகளை ஆக்குவதும், நிலாவரை போன்ற ஆழ்கிணறுகள் தோன்றியதும், கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதும் இந்த ஒரே பாடத்தின் பகுதிகள்.

இனி ஒரு முட்டையை நன்னீரில் இடுக; அமிழும். உப்பைக் கரைத்துக்கொண்டே வருக, மிதக்கும். உவர்நீர் பாரமானது என்பதை இது காட்டும். 40 அடிக் கடல்நீரின் பாரம் 41 அடி நன்னீரின் பாரத்துக்குச் சமன். குடாநாட்டின் நன்னீர் இவ்வாறே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் அது ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இயந்திரத்தால் இறைத்து அந்த ஓரடியை நிரந்தரமாகத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் 40 அடி எழும். கிணறு ஏன் உவராயிற்று என்று கலங்கும் கமக்காரருக்கு இந்த விடை அடர்த்திப் பாடத்திலேயே கிடைக்கின்றது.

மூன்றாவதாக, ஒரு பயற்றஞ்செடியை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேரிலுள்ள முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை எடுத்துச் செடிக்கு அளிக்கின்றன. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசனே. பயிர் கொள்ளாத மிச்சம் நைத்திரேற்றாக மாறி, சுண்ணக்கல் வெடிப்புக்கள் வழியே கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குமேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதனை அறியாத தாய் நன்மை செய்வதாக எண்ணியே கொதிக்கவைப்பாள். பள்ளியில் ஒரு பாடம் தவறியதன் விலை இது.

2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. உரமே நஞ்சு என்றனர் சிலர். உரமின்றிப் பயிரே இல்லை என்றனர் சிலர். எவ்வளவு, எப்போது, எந்த மண்ணுக்கு என்று கேட்கத் தெரிந்த குடிமக்கள் ஊர்தோறும் இருந்திருந்தால், ஆள்வோர் அத்துணை எளிதாக முடிவெடுத்திருப்பாரா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, கிழமைக்கு ஒரு பாடவேளையைச் செய்முறைக்கென ஒதுக்குங்கள். பரீட்சை நெருங்கினும் அதனை விட்டுக்கொடாதீர்கள். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீங்கள் பிறந்த ஊர்ப் பாடசாலைக்கு வாருங்கள். பரிசளிக்கவன்று, பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து செய்துகாட்ட வாருங்கள். கமக்காரப் பெருமக்களே, உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறிட்டு அளந்து, மாதந்தோறும் கொப்பியிற் குறித்துவர உங்கள் பிள்ளையைப் பணியுங்கள். பன்னிரண்டு மாதத்துக் குறிப்பு கையிலிருந்தால், அதிகாரிகளின் முன்னே வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

ஆசிரியரும் ஆய்வுகூடமும் அரசாங்கம் தரவேண்டிய உரிமைகள். அவற்றைக் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம். ஆனால், இவ்வாண்டு ஏழாந் தரத்திலுள்ள பிள்ளை அடுத்த ஆண்டு அங்கே இராது. அதற்காக நாம் நாளையே தொடங்கவேண்டும்.