தராசு முள்ளை நம்பி நடையை விடாதீர்!

(ஜொகூர் தோட்டமொன்றில் நடைபெற்ற சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் சம்பள விஷயம் பேச வரவில்லை. வாங்கும் சம்பளத்தை அனுபவிக்க உடம்பு வேண்டுமல்லவா? அந்த உடம்பை அரிக்கும் இனிப்புநீர் வியாதியைப் பற்றியும், அதற்கு உதவும் நடையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

2023-ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். ஆகவே இதை யார் வீட்டு நோயோ என்று தள்ளிவிட முடியாது.

“நடங்கள், எடையைக் குறையுங்கள்” என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நாமும் ஒரு மாதம் நடக்கிறோம். பிறகு தராசில் ஏறிப் பார்க்கிறோம். முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. “இவ்வளவு நடந்தும் ஒரு கிலோ குறையவில்லையே!” என்று நடையை விட்டுவிடுகிறோம். தோழர்களே, இங்கேதான் நாம் தவறுகிறோம்.

பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிராணி எடையை மட்டுமா எழுதுகிறார்? அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கிறார் அல்லவா? இருவர் கொண்டுவரும் பால் ஒரே எடையாக இருக்கலாம். ஒருவர் பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர் இருக்கும். மற்றவர் பாலில் 28 பங்குதான் இருக்கும். எடை வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. நம் உடம்பும் அப்படித்தான். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது. கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. நோய் வரும் தறுவாயில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனை மட்டும் கூறப்பட்டது. இன்னொரு பிரிவினரைத் தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்கவும், உணவில் சீனியையும் கொழுப்பையும் குறைக்கவும் சொன்னார்கள். மூன்றாண்டுகளில் முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது; நடக்கச் சொன்ன பிரிவிலோ 39 பேருக்குத்தான் வந்தது. ஆனால் அவர்களுடைய எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை! முள் அசையாதபோதும் உள்ளே நன்மை நடந்திருக்கிறது.

நோய் வந்தவர்களுக்கும் நடை உதவும். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கின்றன. அதன் பலன் ஒருநாள், இரண்டு நாள் நிற்கும், பிறகு மங்கிவிடும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாள் நடக்காமல் இருக்கலாகாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுள்ள 41 பேர் கலந்துகொண்டார்கள். தினம் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப்பின் ஏறும் சீனி நன்றாகவே குறைந்தது. அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய நடைக்கே பலன் அதிகம்.

“விடியற்காலையிலிருந்து மரத்துக்கு மரம் நடக்கிறோமே, போதாதா?” என்று பால்வெட்டும் தோழர்கள் கேட்கலாம். அது வீண்போகாது. சென்னையிலும் உடலுழைப்பு உள்ளவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். ஆனால் மழை பெய்து வெட்டு நின்ற நாளில் என்ன செய்கிறோம்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? நாற்காலியை விட்டு எழாத எங்களைப் போன்ற கிராணிமார்களின் கதி என்ன?

எடை குறைந்தால் நல்லதுதான். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே சீனி இறங்க உதவும். ஆனால் அதை நடை மட்டும் செய்யாது. அரை மணி நடந்துவிட்டு, டின்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு குவளை குடித்தால், கரைந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். தட்டிலே சோற்றையும் குறைக்க வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு. இந்நோயில் கால் மரத்துப்போகும். காலணிக்குள் கிடக்கும் சிறு கல்கூடத் தெரியாது. அது புண்ணாகி, விரலையே எடுக்கும்படி ஆகலாம். போடுமுன் காலணியை உதறுங்கள். இரவில் பாதத்தைப் பாருங்கள். அடுத்தது: இன்சுலினோ, சீனியைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போகாதீர்கள். கை நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால், உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கட்டும். நடக்கிறோம் என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தோழர்களே! நாளை முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் எல்லாரும் ஆபீஸ் சடக்கில் சேர்ந்து நடப்போம். அங்கே விளக்கில்லை, பெண்கள் எப்படி நடப்பார்கள் என்கிறீர்களா? நியாயமான கேள்வி. விளக்குப் போடச் சொல்லி நிர்வாகத்துக்கு மனுக் கொடுப்பது சங்கத்தின் வேலை. அதை இந்த வாரமே செய்வோம். விளக்கு வரும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பது நம் வேலை.