வீடு ஒண்ணு, ஆபீஸ் எத்தனை?

நான் பத்தாவது வரை படிச்சவள். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி என் கொழுந்தனார் தவறிட்டார். முருங்கைக் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து படுத்தவர் எந்திரிக்கவே இல்லை. என் ஓரகத்திக்கு அப்போ 29 வயசு. ரெண்டு பெண் பிள்ளைகள். காரியம் முடிஞ்ச பிறகு இறப்புச் சான்று வாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம்.

முதல்ல ஊராட்சி ஆபீசுக்குப் போனோம். "இறப்பு பதிவு வி.ஏ.ஓ. வேலைம்மா"ன்னு சொன்னாங்க. பக்கத்திலேயே ஒரு வி.ஏ.ஓ. ஆபீஸ் இருந்துச்சு. அங்க நாலு நடை நடந்தோம். கடைசியா எங்க பட்டாவைப் பார்த்துட்டு, "உங்க ஊர் என் கிராமக் கணக்குல வராதே"ன்னு சொல்லிட்டாங்க. எங்க குக்கிராமம் ஊராட்சிக்கு ஒரு ஊரோடயும், வருவாய்க் கணக்குக்கு வேற ஊரோடயும் சேர்ந்திருக்கு. இத்தனை வருஷம் குடியிருந்தும் எங்களுக்கு அது தெரியலை.

இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும். அதுக்குக் கட்டணம் கிடையாது. 30 நாள் தாண்டிட்டா மேல் அதிகாரி அனுமதி வேணும். நாங்க சரியான ஆபீசைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ரெண்டும் தாண்டிருச்சு. இறப்புச் சான்று இல்லாம வாரிசு சான்று இல்லை, விதவை ஓய்வூதியத்துக்கு எழுதவும் முடியலை. எல்லாம் முடிய எட்டு மாசம் ஆச்சு. ஒவ்வொரு நடைக்கும் அவளுக்கு நூல் மில்லுல ஒரு நாள் சம்பளம் போச்சு. "அக்கா, அவரு போனதுக்கு உக்காந்து அழக்கூட எனக்கு நேரம் இல்லை"ன்னு பஸ் ஸ்டாண்டுல வச்சு சொன்னாள். அது இன்னும் என் காதுல நிக்குது.

நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை. யோசிச்சுப் பாருங்க. நம்மில் பாதிப் பேருக்கு மேல வேற ஊர்ல பிறந்து இங்க வாக்கப்பட்டு வந்தவங்க. வந்த மறுநாளே குலசாமி கோயிலைக் காட்டினாங்க, தண்ணிக் குழாயைக் காட்டினாங்க. நம்ம வீடு எந்த ஆபீசுக்குக் கட்டுப்பட்டதுன்னு யாரும் காட்டலை. நாமளும் கேக்கலை.

அதனால எங்க குழுக் கூட்டத்துல ஒரு வேலை செஞ்சோம். ஆளுக்கு நாலு காகிதம் கொண்டு வரச் சொன்னோம். வீட்டு வரி ரசீதுல ஊராட்சி பேர் இருக்கும். தெருவிளக்கு, குடிதண்ணி, சாக்கடைக்கு ஊராட்சி செயலரைப் பார்க்கணும். அவருக்கு மேல ஒன்றியத்துல பி.டி.ஓ. பட்டாவுல வருவாய்க் கிராமமும் வட்டமும் இருக்கும். பட்டா, சான்றிதழ், பிறப்பு இறப்புக்கு வி.ஏ.ஓ. அவருக்கு மேல வருவாய் ஆய்வாளர், தாசில்தார். ரேஷன் கார்டுல கடை தெரியும். கரண்ட் அட்டையை வச்சு மின்வாரியப் பிரிவு ஆபீஸ் தெரிஞ்சுக்கலாம். காகிதத்துல இல்லாதது ரெண்டு: துணை சுகாதார நிலையமும், போலீஸ் ஸ்டேஷன் எல்லையும். அதை நர்சம்மாகிட்டயும் ஸ்டேஷன்லயும் கேட்டு எழுதினோம்.

எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி, ஆளுக்கு ஒண்ணு அடுப்படிக் கதவுல ஒட்டினோம். கீழே இலவச எண்கள்: ஆம்புலன்ஸ் 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, போன்ல பணம் ஏமாந்தா 1930, முதல்வரின் முகவரி 1100. மின்தடைக்கு மின்னகம் 94987 94987. அதிகாரி பேர் எழுதலை, பதவியை மட்டும் எழுதினோம். ஆள் மாறுவாங்க, நாற்காலி அங்கேயேதான் இருக்கும்.

போன ஐப்பசியில ராத்திரி ஒரு சின்னப் பிள்ளையைப் பாம்பு கடிச்சுருச்சு. 108-க்கு அடிச்சா எந்த ஒன்றியம், எந்த ஊராட்சி, பக்கத்துல என்ன அடையாளம்னு கேக்குறாங்க. திண்டுக்கல் மாவட்டத்துல மட்டும் 14 ஒன்றியம், 306 ஊராட்சி. புதூர்னு சொன்னா எந்தப் புதூருன்னு வண்டிக்காரர் தேடுவார்? எங்க குழு அக்கா கதவுல இருந்த தாளைப் பார்த்து வரிசையா படிச்சிருக்காங்க. வண்டி நேரா வந்து சேர்ந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில விஷமுறிவு ஊசி போட்டாங்க. அந்தப் பிள்ளை இதோ இந்தப் பந்தல்லதான் ஓடி விளையாடிக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். போற இடம் தெரியாதவங்களைத்தான் புரோக்கர் பிடிக்கிறார். ஒரு ஆபீஸ்ல "இங்க இல்லை"ன்னு சொன்னா அப்படியே திரும்பி வராதீங்க. "அப்போ எங்க போகணும்? எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. மனு கொடுத்தா ரசீது வாங்குங்க. அப்பவும் நடக்கலைன்னா திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆறு நாளும் கிராம சபை இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டுட்டு வராம, எழுந்து நின்னு கேளுங்க.

என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த கூட்டத்துல சேமிப்பு வசூல் முடிஞ்சதும் அரை மணி நேரம் உக்காந்து உங்க ஊருக்கு ஒரு தாள் எழுதுங்க. ஊருக்குப் புதுசா மருமகள் வந்தா தாம்பூலத்தோட அந்தத் தாளையும் கொடுங்க. என் ஓரகத்தி நடந்த நடை இன்னொருத்திக்கு வேண்டாம்.

இப்போ அவளுக்கு மாசம் 1,200 ரூபாய் வருது. எங்க குழுவுக்குக் கணக்கு எழுதுறதும் அவள்தான். அந்தத் தாளை முதல்ல எழுதினதும் அவள் கைதான்.