காதுக்குள் உருளும் துகள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



படுக்கையில் புரளும்போதோ, கொடியில் உடுப்புக் காயப்போட அண்ணாந்து பார்க்கும்போதோ வீடே சுற்றுவதுபோல வருகிறதா? எங்கள் வயதில் இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. பிரஷர் என்று நினைத்துப் பயப்படுகிறோம். விழுந்துவிடுவோமோ என்று கோயிலுக்கும் சேர்ச்சுக்கும் போவதைக்கூட நிறுத்திவிடுகிறோம்.

பல வேளைகளில் காரணம் உட்காதில்தான். அங்கே சமநிலையை உணர உதவும் நுண்ணிய கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் உண்டு. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் புகுந்தால், தலை அசையும்போது அங்குள்ள பாய்மத்தைக் குழப்பி, நாம் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்பும். ஒவ்வொரு தடவையும் வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

குளிசை அந்தத் துகளை வெளியேற்றாது. தலையை முறைப்படி திருப்பித்தான் வெளியேற்ற வேண்டும். பிரான்சின் செமோன் 1988இலும் அமெரிக்க வைத்தியர் எப்லி 1992இலும் அதற்கான முறைகளை வெளியிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது? உயிருள்ள காதைத் திறந்து பார்க்க முடியாது. இங்கேதான் கணினி உதவுகிறது. கால்வாயின் வடிவத்தையும் பாய்மத்தின் பிசுக்குமையையும் கொடுத்தால், துகள் எந்தக் கணத்தில் எங்கே நிற்கும் என்று கணித்துக் காட்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் கிளிசரினுக்குள் குண்டு விழும் நேரத்தை அளந்தோமே, அதே பௌதிகவியல்தான்!

செமோன் முறையைக் கால்வாய் மாதிரிகளிலும் கணிப்பிலும் ஆராய்ந்தவர்கள், வழக்கமான சாய்வில் துகள் வளைவைத் தாண்டாமல் திரும்பி வழுக்கலாம் என்று கண்டார்கள். ஆகவே தலையைக் கிடைமட்டத்துக்குக் கீழே 60 பாகையாவது தாழ்த்தும் திருத்திய முறை வந்தது. 2023இல் வெளியான, 195 பேரைக் கொண்ட ஒப்பீட்டில், தலைச்சுற்று நிற்க எப்லி முறையில் சராசரி 3.3 நாட்களும் திருத்திய முறையில் 2 நாட்களும் எடுத்தன.

ஒரு எச்சரிக்கை: எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகே வீட்டில் செய்யுங்கள். கழுத்து வருத்தம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். பேச்சுக் குழறினால், பொருட்கள் இரட்டையாகத் தெரிந்தால், கைகால் சோர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு, “தலை சுத்துது, நான் வரேல்லை” என்று ஒரு தோழி சொன்னால், “எந்தப் பக்கம் புரண்டால் சுத்துது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவவுக்குரிய கதிரை இங்கே வெறுமையாக இருக்கக்கூடாது.