தரைத்தளம் முதியோருக்கு

 

வீட்டைப் பற்றிப் பேச மூதூருக்கு இருக்கும் உரிமை இலங்கையில் அதிக ஊர்களுக்கு இல்லை. 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்து கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. 2006 ஏப்ரலில் போர் நெருங்க, பக்கத்துச் சம்பூர் மக்கள் கட்டிய துணியோடு ஓடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் நகரமே காலியாகிக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது.

நகரத்தார் திரும்பினார்கள். சம்பூராருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயமாகி, பிறகு முதலீட்டுச் சபையின் கைக்குப் போனது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று முகாம்களின் தகரக் கூரைகளின் கீழே ஆண்டுகள் கழிந்தன. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. அறுபது வயதில் ஓடியவர் எழுபதில் திரும்பினார். காணி கிடைத்தது, சுவர் எழுப்பும் தெம்பு போய்விட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்கு கிழக்கில் இந்திய உதவியோடு எழுந்த வீடு ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அதுவும் தவணை தவணையாக. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, மணல் ஏற்றி, சீமெந்து வாங்கிக் கட்ட வேண்டியிருந்தது. 1984இல் அன்றைய பிரதமர் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் கட்டும் பொறுப்பை மக்களிடமே விட்டது. இளம் குடும்பத்துக்கு அது நல்ல முறை. பிள்ளைகள் பிரிந்துபோன தனித் தாய் மேசனுக்குப் பின்னால் எத்தனை நாள் அலைவார்? விலை ஏறினால் மிச்சத்துக்கு யாரிடம் கடன் கேட்பார்?

அப்படியானால் தொடர்மாடியா? கொழும்பு கட்டிப் பார்த்துவிட்டது. குடிசைப் பகுதிகளிலிருந்து உயர்ந்த மாடிகளுக்குப் போனவர்கள் தவணைப் பணத்தோடும் பராமரிப்புச் செலவோடும் மல்லுக்கு நிற்கிறார்கள். மின்தூக்கி நின்ற நாளில் மேல்மாடி முதியவருக்கு வீடே சிறை.

சிங்கப்பூரின் கம்போங் அட்மிரல்டி வேறு வழி காட்டுகிறது. 2018இல் திறந்துவைக்கப்பட்ட அந்த வளாகத்தில் முதியோருக்கு 104 சிறு வீடுகள். அங்கேயே மருத்துவ நிலையம், சாப்பாட்டுக் கடைகள், குழந்தைகள் காப்பகம். பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகளின் சத்தம் காதில் விழும் தூரத்தில்தான் முதியவர் வாழ்கிறார். மூதூருக்கு அத்தனை உயரம் தேவையில்லை. இரண்டு மாடி போதும். கீழே படியில்லாத வாசலோடு முதியோர். மேலே வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ஆசிரியை, தாதி, நாட்சம்பளத் தொழிலாளியின் குடும்பம். வாடகை வருமானத்துக்கு ஏற்றபடி. காணி அரசுக் காணியாகவே இருக்கட்டும். விற்பனைக்கு இடமிருந்தால் பத்து ஆண்டில் அந்த வீடுகள் வசதியுள்ளவர் கைக்குப் போய்விடும். கடலும் ஆறும் சூழ்ந்த ஊர் இது. தாழ்நிலத்தில் அத்திவாரம் போட்டுவிட்டு மாரியில் தவிக்கக் கூடாது.

பிரதேச சபை உறுப்பினர்களே, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நடக்கும் தூரத்தில் மேட்டுநிலம் ஒன்றை இனங்காணுங்கள். தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு இந்த ஆண்டே எழுதுங்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மனுவில் கையொப்பமிடுவோம்.