கணம்புல்லர் திருநாளும் கார்த்திகைப் பொரியும்



நாளை திருக்கார்த்திகை. இன்று அடியேனுக்குக் குறித்துக் கொடுத்த பொருள் "இல்லத்தில் விழா" என்பது. கோயில் விழாவை ஆகமம் வகுத்திருக்கிறது. கொடியேற்றம் முதல் தீர்த்தவாரி வரையில் முறை சொல்ல ஆசாரியர் இருக்கிறார். இல்லத்து விழாவிற்கு நூல் ஏது? பாட்டியின் கையே நூல். அதனாலேயே அதனை எளிதென்று எண்ணி விடுகிறோம்.

நாளைய தினம் கணம்புல்ல நாயனாரின் குருபூசை நாளுமாகும். இருக்குவேளூரிலே செல்வராய் வாழ்ந்தவர் அவர். திருவிளக்குத் தொண்டிலேயே பொருள் முழுவதையும் செலவிட்டு வறியவரானார். பின்னர்த் தில்லையை அடைந்தார். இரந்து பெறுதற்கு நாணினார். கணம்புல்லைத் தம் கையாலே அரிந்து, விற்று, வந்த காசுக்கு நெய் வாங்கித் திருப்புலீச்சரத்திலே விளக்கேற்றினார். ஒருநாள் புல் விலைபோகவில்லை. அப்புல்லையே திரியாக்கி எரித்தார். குறித்த யாமம் வரைக்கும் அது போதவில்லை. தம் திருமுடியையே விளக்கில் மடுத்தார். இறைவன் சிவலோகத்தில் அவருக்கு இடமளித்தான்.

திருமுடியை எரித்த அந்த ஓரிரவைக் கேட்டு நாம் கண்ணீர் பெருக்குகிறோம், பெருக்க வேண்டியதுதான். ஆயினும் அதற்கு முன்னே அவர் புல்லரிந்த நாள்கள் எத்தனை! அரிவாள் பிடித்துக் காய்த்த கையன்றோ அது? அந்த நாள்களை நாம் நினைப்பதில்லை. விளக்கு ஒரு நொடியில் ஏற்றப்படுகிறது. அதற்குரிய வேலையோ பல நாள் முன்னரே தொடங்கிவிடுகிறது.

இல்லத்திலும் அவ்வாறுதான். குயவர் வீட்டிலிருந்து வந்த புது அகலை அப்படியே ஏற்றினால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். ஆகவே முன்னதாகவே தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி எடுக்க வேண்டும். பஞ்சைத் திரிக்க வேண்டும். பித்தளை விளக்குகளைப் புளியிட்டு விளக்க வேண்டும். வாசலில் அரிசி மாக்கோலமும் அதனைச் சுற்றிச் செம்மண் வரையும் இட வேண்டும்.

இவற்றுள் அடியேன் மிகவும் மதிப்பது பொரியுருண்டையை. நெற்பொரியில் உமி நீக்கிப் புடைத்து வைத்துக்கொள்வார்கள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பேற்றிக் காய்ச்சுவார்கள். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பாத்திரத்தில் எறிந்தால் "டக்" என்று ஓசை எழ வேண்டும். அந்தப் பதத்தில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், சுக்குப்பொடி, ஏலம் சேர்த்துப் பொரியில் கொட்டிக் கிளறுவார்கள். அதன் பின்னர் நேரம் இல்லை! சூடு ஆறினால் பாகு இறுகிவிடும், உருண்டை பிடிபடாது. சூடாகவே பிடித்தால் கை சுடும். அரிசி மாவைக் கையில் தடவிக்கொண்டு விரைந்து பிடிக்க வேண்டும். ஒருவர் கை போதுமா? போதாது. மாமியாரும் மருமகளும் அன்று காலையில் பேசாதிருந்தாலும் அடுப்படியில் அருகருகே உட்கார்ந்துதான் தீர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும், திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் வீட்டுத் தலைவரும் அந்த நேரத்தில் கை நீட்டத்தான் வேண்டும். இல்லத்தாரை ஒருங்கே கூட்டுவதற்கு இதனினும் சிறந்த உபதேசத்தை அடியேன் எந்த மேடையிலும் செய்ததில்லை.

நெல்லையிலும் குமரியிலும் இந்நாளில் ஓலைக் கொழுக்கட்டை உண்டு. அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் பிசைந்து, பனையின் குருத்தோலையில் வைத்துக் கட்டி, ஆவியில் வேகவைப்பார்கள். ஓலையின் மணம் மாவில் இறங்கிவிடும். வேறு சில ஊர்களில் அப்பம்.

வட மாவட்டங்களில் சிறுவர்க்குரியது மாவலி. ஆண் பனையின் பூக்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைப் பிளவுகளின் நடுவே கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றினால் பொன்மலர் சொரிந்தாற்போலப் பொறி பறக்கும். பெயரைக் கேட்டதும் திருமறைக்காடு நினைவிற்கு வருகிறது. நெய்யுண்ண வந்த எலி, மூக்குச் சுட்டு அறியாமலே திரியைத் தூண்டியதும், அதற்கு இறைவன் மூவுலகும் ஆளத் தந்ததும் அப்பரடிகள் திருக்குறுக்கைப் பதிகத்தில் சுட்டியவை. அந்த எலியே மாவலியாய்ப் பிறந்தது என்பது தலவரலாறு. அறியாது தூண்டிய எலிக்கே அவ்வளவென்றால், வேண்டுமென்றே உட்கார்ந்து திரி திரிக்கும் குழந்தைக்கு எவ்வளவு!

"கடையிலே கட்டிக்கட்டியாகக் கிடைக்கிறதே, சுவாமி" என்று கேட்பவர் உண்டு. முதுமையால் இயலாதவரும் பணிக்குச் சென்று திரும்பும் தாய்மாரும் வாங்கிப் படைத்தால் குற்றமென்று அடியேன் சொல்லேன். இறைவன் அன்பையே ஏற்கிறான். மின்விளக்குச் சரம் கட்டியவரையும் பழிப்பதில்லை. ஆனால் இயன்றவரும் எல்லாவற்றையும் வாங்கியே முடித்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கார்த்திகை என்பது பொட்டலம் பிரிக்கும் நாளாக மட்டும் தெரியும். பாகின் பதம் பார்த்துச் சொல்ல அடுத்த தலைமுறையில் ஆள் இராது. நூலில் எழுதாத அறிவு கை மாறாவிட்டால் அற்றே போகும். வாங்கியே ஆகவேண்டியது அகல். அதை நம் ஊர்க் குயவரிடமே வாங்குங்கள். தில்லையிலே திருவோடு வனைந்து அடியார்க்களித்த திருநீலகண்டரும் அக்குலத்தவரே.

நாளை இரவு சுவாமி எழுந்தருளியதும் சந்நிதி முன்பாகச் சொக்கப்பனை ஏற்றப்பெறும். எரிந்த குச்சியை வயலில் நடும் வழக்கமுடையோர் தணல் ஆறிய பின்னரே எடுக்கவேண்டும்; பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இன்னும் பொரி புடைக்க வேண்டிய தாய்மார் சிலர் எழுந்திருக்கத் தவிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அவர்களை நிறுத்தி வைக்க அடியேனுக்கு உரிமையில்லை.

திருச்சிற்றம்பலம்.