உறையுள் தானமும் சட்டமன்றத்தின் கடமையும்

(முக்கொம்பில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். 

இன்று காலை குழந்தைகளை அழைத்துக்கொண்டு மேலணையைச் சுற்றிப் பார்த்து வந்தோம். அகண்ட காவிரி இவ்விடத்தில் காவிரி எனவும் கொள்ளிடம் எனவும் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால், அணை கட்டப்படுவதற்கு முன், நீரின் பெரும்பகுதி அப்பக்கமே பாய்ந்து கடலில் கலந்தது. காவிரியின் கால்வாய்கள் வறண்டன. தஞ்சை வயல்கள் தரிசாகும் நிலை உண்டாயிற்று. 1836-ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அந்த அணை ஒரு துளி நீரையும் புதிதாகப் படைக்கவில்லை. தாழ்ந்த பக்கமே ஓடிக்கொண்டிருந்த நீரை நிறுத்தி, கடைமடைக்கும் பங்கு கிடைக்கச் செய்தது. அவ்வளவே அதன் பணி.

நாட்டின் செல்வமும் இவ்வாறே ஓடுகிறது. பொருளாதார நெருக்கடி வந்துவிட்டால், கையில் பொருள் உள்ளவர் விலை குறைந்த மனையை வாங்கிச் சேர்க்கிறார். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் வாடகை கொடுக்க இயலாமல் தெருவுக்கு வருகிறார். இந்த ஓட்டத்தைத் திருப்பும் அணை எது? சட்டமே என்பது என் எண்ணம். அதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் அறநூல்கள் இல்லறத்தார்க்குத் தானத்தை விதித்திருக்கின்றன. ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் தானத்தை நான்காக வகுக்கிறார்: உணவு, மருந்து, உபகரணம், உறையுள். முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். அன்னதானம் செய்கிறோம், மருத்துவ முகாம் நடத்துகிறோம், நூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். நான்காவதாகிய உறையுள் தானத்தைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். துறவியரை முன்னிட்டுச் சொல்லப்பட்டதாயினும், அதன் கருத்து இல்லற வாழ்வுக்கும் வழிகாட்டுவது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில் எல்லை மீறும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணும்போது, நிலத்தையும் வீட்டையுமே முதலில் வைத்து எண்ணுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இதே காவிரிக் கரையில், நமக்கு மேற்கே, கரூரை அடுத்த புகளூரில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் பொறிக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சேர இளவரசன் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவி உறைவதற்காகக் கல்லை வெட்டுவித்த செய்தியை அது கூறுகிறது. ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் ஒருவன் அந்நாளை ஓர் உறைவிடம் அளித்துச் சிறப்பித்தான் என்பதை எண்ணும்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது. உறையுள் அளிப்பது ஆட்சியின் கடமை என்பதற்கு நம் சமயத்தவரே சான்றாகக் காட்டக்கூடிய கல் அது.

அந்தக் கடமையைச் சட்டம் நிறைவேற்றிய வரலாறும் இந்நீர் சென்று சேரும் இடத்தில்தான் இருக்கிறது. காவிரியின் கடைமடைப் பகுதியில் உழவுத் தொழிலாளர்கள் நிலவுடைமையாளரின் மண்ணிலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்டால் குடிசையை இழக்க நேரும் என்பதே அவர்களை வாயடைக்கச் செய்த அச்சம். 1960-களின் நடுவில் மழை பொய்த்தது. அரிசித் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. கூலிப் பூசல்கள் முற்றின. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நாம் மறக்கக் கூடாத நாள் அது.

மூன்று ஆண்டுகளுக்குள், 1971-இல், தமிழ்நாடு சட்டமன்றம் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1971 ஜூன் 19 அன்று குடியிருந்தவருக்கு அவர் குடியிருந்த மனையே உரிமையாயிற்று. நல்ல மனம் படைத்த நிலவுடைமையாளர் ஒருவர் பத்துக் குடும்பங்களுக்கு மனை கொடுத்திருக்கலாம். ஊர்தோறும் இருந்த குடிசைகளை ஒரே நாளில் உரிமை மனைகளாக்க எந்த வள்ளலாலும் இயலாது, சட்டத்தால் இயன்றது. அந்தச் சட்டமும் தானாகப் பிறக்கவில்லை. தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டன, கேட்டதனால் கிடைத்தது.

இனி, என் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவரங்கத்தில் எங்கள் வீட்டின் பின்பகுதியை, பள்ளி வேன் ஓட்டும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளிகள் மூடின, அவர் வருமானம் நின்றது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. அந்த ஒரு மாதம் நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கேட்டேன். அதற்கடுத்த மாதம் சற்று அழுத்தமாகவே கேட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு அக்குடும்பம் போய்விட்டது. அடுப்படியைக்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நான் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. எனினும் அன்று சாமாயிகத்தில் அமர்ந்தபோது மனம் ஒருமைப்படவில்லை.

அந்நிகழ்ச்சி எனக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தது. ஒன்று, தனிமனிதரின் இரக்கம் ஒரு மாதம் தாங்கும். மூன்றாம் மாதம் தளர்ந்துவிடும். மற்றொன்று, வாடகையையே நம்பி வாழும் முதியோரும் கைம்பெண்களும் நம்மிடையே உண்டு. பாரம் முழுவதையும் அவர்கள் தலையில் ஏற்றுவதும் அறமாகாது. எனவே இருவரையும் காக்கும் விதி, நெருக்கடி வருவதற்கு முன்பே சட்டத்தில் இருக்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மறு ஆண்டே மத்திய அரசின் வல்லுநர் குழு, நகர்ப்புறத்தில் 1.87 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது; அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எளிய வருவாய்ப் பிரிவினருக்கு உரியது. ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் தெரு. இங்கே நீர் இல்லாமல் இல்லை, அணைதான் இல்லை. 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம், அரசு நிதியில் கட்டப்பட்டு வெறுமையாய்க் கிடந்த வீடுகளை வாடகைக்குத் திறந்துவிட முற்பட்டது. 2021-இல் வெளியான மாதிரி வாடகைச் சட்டமோ, பேரிடர்க் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும், குடியிருப்பவர் கேட்டுக்கொண்டால், பேரிடர் நீங்கி ஒரு மாதம் வரை அதே நிபந்தனைகளோடு அங்கேயே இருக்கலாம் என்கிறது. ஆனால் அது மாதிரியே. நிலமும் வாடகையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே நாம் கேட்க வேண்டிய இடம் நம் சட்டமன்றமே.

மூன்றைக் கேட்போம். முதலாவது, அறிவிக்கப்பட்ட பேரிடர்க் காலத்தில் வாடகை நிலுவைக்காக எவரையும் வெளியேற்றக் கூடாது. நிலுவையைத் தவணையாகச் செலுத்த வழி வேண்டும். வாடகையால் மட்டுமே வாழும் சிறு உரிமையாளருக்கு அரசு நிதியிலிருந்து கைகொடுக்க வேண்டும். இரண்டாவது, பெரிய மனைப்பிரிவுகளில் நலிந்த பிரிவினருக்கென்று பத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் 2019-ஆம் ஆண்டு கட்டட விதி, உரியவருக்கே மனை சேரும் வண்ணம் கண்காணிக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஆற்றங்கரைகளில் வாழும் ஏழைகளை வெள்ள அச்சம் கருதி இடம் மாற்றும்போது, அவர்கள் தொழிலுக்கு எட்டும் தொலைவில் மாற்று வீடு கொடுத்த பின்னரே மாற்ற வேண்டும்.

இது கட்சி அரசியல் அன்று. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு உண்டு. தொகுதி உறுப்பினரின் அலுவலகம் உண்டு. ஊரில் கிராம சபை உண்டு. நம் அறக்கட்டளைக் குடும்பங்கள் அனைத்தும் கையொப்பமிட்டு ஒரு மனு அளிப்போம். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் முதலில் கையொப்பமிடட்டும். அப்போதுதான் அதற்கு வலிமை. முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்கட்டும்.

2018 ஆகஸ்ட் 22 அன்று, வெள்ளம் பெருகியபோது, இங்கே கொள்ளிடத்தின் பழைய அணையில் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் காத்து நின்ற அணை அது. அதன் அருகே இப்போது புதிய கதவணை எழுந்து நிற்கிறது. சட்டங்களும் அவ்வாறே பழுதுறும். காலத்துக்கேற்பக் கட்டிக்கொள்ள வேண்டியவை. கட்டுமாறு கேட்பது குடிமக்களின் பொறுப்பு. நான்காம் தானத்தை நாம் தனித்தனியே சிறிதளவே செய்ய இயலும். நாடே செய்யுமாறு கேட்பதும் அத்தானத்தின் ஒரு பகுதியே.

எல்லா உயிர்களும் நிழல் பெற்று வாழ்க. அருகன் அருள் நம்மை வழிநடத்துக.