குரூஸ் என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழும்புவார்கள்

காலை ஏழு மணி. தலைமன்னார் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. பேசாலையில் ஏறியவர்கள், தாராபுரத்தில் ஏறியவர்கள் என்று ஆஸ்பத்திரி வாங்கு முழுக்க வருத்தக்காரர். மேசைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளை கிளினிக் கொப்பிகளை அடுக்கிவிட்டு, "குரூஸ்!" என்று கூப்பிடுகிறாள். மூன்று பேர் எழும்புகிறார்கள்.

மன்னாரில் பிறந்தவர்களுக்கு இது புதினமில்லை. நம்முடைய கத்தோலிக்க ஊர்களில் குரூஸும் பீரிசும் வீட்டுக்கு வீடு. எருக்கலம்பிட்டியில் முகம்மது என்று கூப்பிட்டாலும் இதே கதைதான். அந்தப் பிள்ளை பதறவில்லை. "ஐயா, அடையாள அட்டையை ஒருக்கால் தாங்கோ" என்கிறாள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும், புதியதில் 12 இலக்கம். இலக்கத்தைப் பார்க்கிறாள், பிறந்த திகதியை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறாள், பிறகுதான் கொப்பியைக் கொடுக்கிறாள். அரை நிமிட வேலை. அது பிழைத்தால் பிரஷர்காரரின் குளிசை சீனி வருத்தக்காரரின் வீட்டுக்குப் போய்விடும்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். அவள் டாக்டருமில்லை, தாதியுமில்லை. சீருடை போட்ட எல்லாரையும் நாங்கள் "மிஸ்" என்று கூப்பிடுவதால் அவளும் மிஸ்தான். கடதாசியில் சுகாதார உதவியாளர். முந்தி அற்றென்டன் என்றார்கள், சிற்றூழியர் என்றும் எழுதினார்கள். அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற "சிறு" எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஊழியத்தில் சிறிது பெரிது பார்க்கிற வழக்கத்தை யார் தொடக்கி வைத்தார்களோ!

வேறு வேலை கிடைக்காத பிள்ளை ஆஸ்பத்திரியில் துடைக்கப் போகட்டும் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் மூச்செடுக்கிறார் என்று எண்ண வேண்டும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரியான கணக்கு. எண்ணுவது லேசு என்றுதான் படும். ஆனால் "ஐயா, உங்கட மூச்சை எண்ணப் போறன்" என்று சொல்லிப் பாருங்கள், அந்த நிமிடமே அவர் மூச்சு மாறிவிடும். அதனால் பழகியவர்கள் ஒரு வேலை செய்வார்கள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்க மாட்டார்கள். கண் மட்டும் நெஞ்சுக்குப் போகும். நாடிதான் பார்க்கிறார்கள் என்று வருத்தக்காரர் சும்மா கிடப்பார். அதற்குள் மூச்சும் எண்ணியாகிவிடும். இதைச் சொல்லித் தர ஒருவரும், பக்கத்தில் நின்று பழக ஒரு விடுதியும் வேண்டும். புத்தகத்தை மட்டும் வாசித்து வருகிற கைப்பழக்கமில்லை இது.

இப்படி இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பாரிசவாதம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். புரட்டுகிறவர் தன் நாரியை உடைத்துக்கொள்ளாமல் புரட்டவும் தெரிய வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும். ஊசியைப் போடுகிற பெட்டி எது, இரத்தம் பட்ட பஞ்சைப் போடுகிற மஞ்சள் வாளி எது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிய வேண்டும். அதில் பிழை விட்டால் ஊசி குத்துவது குப்பை அள்ளுகிறவரின் கையில்.

நம்முடைய கரைக்கென்றே ஒரு பாடமும் உண்டு. வலை இழுத்தவரின் காலில் திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டிலுள்ள சுடுதண்ணீரில் காலை வைத்திருப்பதுதான் முதல் உதவி. அந்த நஞ்சின் வேதனை சூட்டுக்குக் குறையும். வேதனையில் தண்ணீரின் சூடு அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே உதவுகிறவர் தன் கையை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. முள்ளின் துண்டு உள்ளே முறிந்து கிடக்கலாம்.

அடுத்தது பாஷை. டாக்டர் எழுதுவது ஆங்கிலம். வேறு மாகாணத்திலிருந்து வந்த டாக்டர் பேசுவது சிங்களம். சிலாவத்துறையிலிருந்து வந்த ஆச்சிக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு" என்று அவர் சொல்கிற அந்த "ஒரு மாதிரி" எரிவா, இறுக்கமா, படபடப்பா என்று கேட்டறிந்து மற்றப் பக்கம் சொல்பவர் பல நேரம் பக்கத்தில் நிற்கிற உதவியாளர்தான். இதற்காக அவருக்கு எவரும் தனிச் சம்பளம் கொடுப்பதில்லை.

இந்தப் பாஷைக் கதைக்கு ஒரு பழைய முன்கதை இருக்கிறது. 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, நம்முடைய பிள்ளைகளுக்கு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடித் தூர இடங்களுக்குப் போனார்கள். ஊரில் வைத்தியர் இல்லாத நிலை அப்படியே இருந்தது. 1860களில் அவர் படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது அவருடைய கணக்கு. தமிழில் வைத்தியப் புத்தகம் இல்லாததால் அதையும் செய்ய வேண்டி வந்தது. 1867இல் இரணவைத்தியம், 1872இல் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம். அவரும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பொறுக்கிச் செய்த வேலை அது. கிறீன் வந்த நோக்கத்தில் மதமும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த சிக்கல் இன்றைக்கும் மன்னாரில் உயிரோடு இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார். பேசாலையில் பிறந்து, பேசாலையில் வீடு வாசலோடு இருக்கிற உதவியாளர் நிற்பார். முப்பது வருடம் நிற்பார்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியிலும் இந்த வேலை இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த வருடக் கடைசியிலேயே இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பை இலங்கையில் முதன்முதலாகக் கண்டார்கள். கண்ட இடம் நம்முடைய மன்னார்த் தீவு, கிணறுகளில். கிணறு கிணறாகக் குனிந்து குடம்பி தேடுகிறவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சங்கதி வெளியில் வந்திருக்காது. அம்புலன்ஸிலும் இதே கதைதான். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது. அதில் இருக்கிறவரும் டாக்டரில்லை, அவசர சிகிச்சைக்கென்று பயிற்சி பெற்றவர்.

சரி, எங்கே படிப்பது? இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு மாடி அறை, நான்கு கதிரை, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளையின் படம், "ஆறு மாதத்தில் தாதி" என்ற பதாகை. இப்படியான கடைகளை எல்லாரும் கண்டிருப்போம். ஆறு மாதத்தில் தாதியாக முடியாது. அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்று வருடம். ஆறு மாதத்தில் நல்ல உதவியாளராக முடியும், அதுவும் நேர்மையாகச் சொல்லிக் கொடுத்தால்.

நாட்டில் செல்லுபடியாகிற அளவுகோல் தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. மொத்தம் ஏழு மட்டம். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பராமரிப்பாளர், உதவியாளர் போன்ற வேலைகளுக்கு மூன்றாம், நான்காம் மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். இது மனப்பாடப் பரீட்சையில்லை. மதிப்பீட்டாளர் முன்னால் நின்று செய்து காட்ட வேண்டும். பல வருடம் வேலை செய்தும் கையில் கடதாசி இல்லாதவர்கள், முன் அனுபவத்தைக் காட்டியே மதிப்பீட்டுக்கு நிற்கலாம். இது பலருக்குத் தெரியாது. வயது போன அக்காமார் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் அதுவும் தப்பில்லை. யப்பானோடு 2019இல் செய்த உடன்படிக்கையில் உள்ள தொழில்களில் முதியோர் பராமரிப்பும் ஒன்று. யப்பானிய பாஷைப் பரீட்சையும் தொழில் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். இடைத்தரகருக்குக் காசு கட்டிச் சித்தியடைய வழியில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த நிலையத்துக்கும் காசு கட்ட முந்தி இரண்டைக் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா? இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா, எந்த மட்டம்? வாயால் சொன்னால் போதாது, கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி, நீங்கள் எந்தப் பிரிவென்றாலும் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்டால் விபரம் கிடைக்கும். போக முடியாதவர்கள் 1919 அரசாங்கத் தகவல் நிலையத்துக்குப் பேசுங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.